மரத்தை இடம் மாற்றித் தருகிறோம் என்பவர்கள்: இரண்டாவது கோடையும் முடிந்தபின் ஒரு மதிப்புரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. மரத்தைத் தோண்டித் தூக்கி லாரியில் ஏற்றும் வேலைக்கு மட்டும் என்றால் மூன்றரை கொடுப்பேன். நட்டபின் பார்த்துக்கொண்ட விதத்துக்கு ஒன்று. குடியிருப்போர் கூட்டத்தில் வந்து நின்று "ஒரு மரம்கூடப் பட்டுப்போகாது, நாங்கள் பொறுப்பு" என்று சொன்னதற்குப் பூஜ்யம், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆட்சேபணைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களைப் பிடித்து உலுக்க இதை எழுதவில்லை, இந்தத் தொழிலே எப்படி நடக்கிறது, எங்கே ஏமாறுகிறோம் என்பது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் நாளைக்கு ஒரு பழைய பங்களா கைமாறும், ஒரு பில்டர் வருவார், கூடவே பச்சைச் சட்டை போட்ட இப்படி ஒரு நிறுவனமும் வரும்.

நான் இருப்பது பெங்களூரில், கன்டோன்மென்ட் பக்கம். அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் என்று இந்தப் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிற இடம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள், பெரிய காம்பவுண்டு, அதற்குள் வீட்டைவிட உயரமான மரங்கள். எங்கள் தெருமுனையில் இருந்த அப்படி ஒரு காம்பவுண்டைத்தான் விற்றார்கள். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், அடியில் மூன்று அடுக்கு கார் நிறுத்தம் என்று வரைபடம். உள்ளே இருந்தவை: தூங்குமூஞ்சி மரங்கள் சில, அதில் ஒன்று தெருவின் இரண்டு பக்கத்துக்கும் குடை பிடித்த மாதிரி நின்றது, மாமரங்கள், ஒரு பலா, வரிசையாகச் சில்வர் ஓக், இரண்டு அத்தி, சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஓர் அரசு, ஒரு நாகலிங்கம், பின்பக்கம் செண்பகம். செண்பகம் பூக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் நடந்தாலே மணக்கும்.

எதிர்ப்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் சேவையைப் பற்றிப் பேச முடியாது. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு முதல் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் வெட்டுவதற்கு மர அலுவலரின் அனுமதி வேண்டும். 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதென்றால் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும், மக்கள் ஆட்சேபணை சொல்லப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும். எங்கள் இடத்தில் விண்ணப்பம் இரண்டு துண்டாகப் போனது, ஒவ்வொன்றிலும் ஐம்பதுக்குக் கீழே. அதனால் அறிவிப்பே இல்லை. ஒரு நாள் காலையில் மரங்களில் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. எதிர்வீட்டில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா, கையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரம் நடந்து வெளியிலிருந்து தெரிகிற ஒவ்வொரு மரத்தின் பெயரையும் எழுதினார். கல்லூரிப் பிள்ளைகள் தகவல் அறியும் உரிமையில் மனு போட்டு இரண்டு விண்ணப்பமும் ஒரே நிலத்துக்குத்தான் என்பதைக் காகிதத்தில் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்றோம், சத்தம் போடவில்லை, மரத்தின் பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 2016 அக்டோபரில் இரும்பு மேம்பாலத்துக்காக 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று இதே ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்கள், அடுத்த மார்ச்சில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த வரிசையில் நின்ற சிலர் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், அந்தத் தைரியம் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

விசாரணை வந்தது. மர அலுவலர் நேரில் வந்து பார்த்தார், பொறுமையாகக் கேட்டார். அந்தக் கட்டத்தில்தான் பில்டர் இந்த நிறுவனத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர்களுடைய விளக்கக் கூட்டம் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். திரையில் படம் படமாக ஓடியது: கிரேனில் தொங்கும் மரம், நட்ட மரம், மூன்று மாதம் கழித்துப் பச்சைப் பசேலென்று துளிர்விட்ட மரம். பேசியவர் மண், வேர் எல்லாம் தெரிந்தவர். கேள்வி கேட்டால் பதில் சொன்னார். ஆனால் அந்தப் படங்கள் எல்லாமே மூன்று மாதத்தோடு நின்றன. மூன்று வருடம் ஆன ஒரு மரத்தின் படம்கூட இல்லை. இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "தம்பி, செண்பகம் பிடுங்கி நட்டா வருமா?" என்று கேட்டார். "வரும் ஐயா, எல்லாம் வரும்" என்றார். டீச்சரம்மா அப்போதே தலையை ஆட்டினார்.

முடிவில் ஆணை இப்படி வந்தது: சில மரங்கள் இருக்கிற இடத்திலேயே நிற்கும், ஒரு பகுதி இடம் மாற்றப்படும், மீதி வெட்டப்படும். இடம் மாற்றும் செலவு பில்டருடையது.

இப்போது சேவைக்கு வருகிறேன். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். வந்த வேலையாட்கள் உண்மையிலேயே தொழில் தெரிந்தவர்கள். மேஸ்திரி கிருஷ்ணகிரிக்காரர், நர்சரி வேலையில் வளர்ந்தவர். அத்தி மரத்தை அவர் எடுத்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் கையால்தான் பள்ளம் எடுத்தார்கள். விரல் தடிமன் வேர் வந்தால் கத்தரி, கைத் தடிமன் வந்தால் ரம்பம். ஒரு இடத்தில் ஜேசிபிக்காரர் அவசரப்பட்டு வாளியை இறக்க, ஒரு வேர் அறுபடாமல் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. மேஸ்திரி ஓடிவந்து வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிழிந்த இடத்துக்குப் பின்னால் நல்ல பாகம் வரை போய் ரம்பத்தால் நேராக அறுத்து, பூஞ்சைக்கொல்லிப் பசையைத் தடவி, ஈரச் சாக்கை வைத்து அமுக்கினார். "கிழிஞ்ச வேரு அழுகும்மா, அறுத்த வேருதான் மறுபடி விடும்" என்றார். வேரோடு சேர்த்து எடுக்கும் மண் உருண்டையைத் தாய்மண் என்பார்கள், அதைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, அதன் மேல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, கிரேன் பட்டை அடிமரத்தின் பட்டையை உரிக்காமல் இருக்கப் பழைய டயர்த் துண்டுகளை வைத்துத்தான் தூக்கினார்கள். வடக்குப் பார்த்த பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் அடையாளம் போட்டு, நடும்போதும் அந்தப் பக்கம் வடக்கையே பார்க்க வைத்தார்கள். நிழலில் இருந்த பட்டை திடீரென்று மேற்கு வெயிலில் நின்றால் வெந்துபோகும், அதற்குத்தான் இது. இதையெல்லாம் செய்த அந்த ஆட்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

குறை அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவுகளில்தான். முதலாவது, பெரிய தூங்குமூஞ்சி மரம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தக் கூட்டத்திலும் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. இடம் மாற்றும் மரத்தின் தாய்மண் அகலம் அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தோட்டக்கலைக்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. ஒரு அடி விட்டமுள்ள மரத்துக்குப் பத்தடி அகலம். மூன்றடி ஆழம் எடுத்தால் அந்த மண்ணே பத்து டன்னுக்கு மேல் போகும், மரத்தின் எடை தனி. இது ஒரு அடி மரத்துக்கு. எங்கள் தூங்குமூஞ்சியின் அடிமரம் நான்கடி. அதற்கு நாற்பதடி அகலத் தாய்மண் வேண்டும், அதை ஏற்றிச் செல்ல டிரெய்லரும் இல்லை, அது போகும் சாலையும் பெங்களூரில் இல்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், ஏழெட்டடி மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிலும் அறுத்தார்கள். மரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சிக் கொடுப்பவை நுனியில் இருக்கும் மெல்லிய வேர்கள், அவை பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரிரண்டு அடி ஆழத்துக்குள், இலைக்குடையின் விளிம்பைத் தாண்டிப் பரவியிருக்கும். அவை அத்தனையும் பழைய இடத்திலேயே போய்விட்டன. வேர் குறைந்ததால் அதற்குச் சரியாக மேலேயும் குறைக்க வேண்டும் என்று கிளைகளையும் மொத்தமாக வெட்டினார்கள். கவாத்து என்று பெயர், ஆனால் பார்த்தவர்களுக்கு அது ஒரு கம்பம்தான். எண்பது தொண்ணூறு வருடம் அந்த மரம் பரப்பிய குடை ஒரே மத்தியானத்தில் லாரி லாரியாக விறகுக் கடைக்குப் போனது. அப்படியொரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் நட்டுவிட்டு "ஒரு மரம் காப்பாற்றப்பட்டது" என்று அறிக்கையில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, காலம். பெரிய மரத்தை நகர்த்துவதென்றால் முன்கூட்டியே வேரைத் தயார்படுத்த வேண்டும். முதலில் ஒரு பாதி வட்டத்தில் மட்டும் பள்ளம் எடுத்து வேரை அறுத்து, நல்ல மண்ணும் மக்கிய தொழுவுரமும் போட்டு மூடி, சில வாரம் விட்டுவிட்டால் அறுத்த இடத்திலிருந்து புது நுனிவேர்கள் விடும். அப்புறம் அடுத்த பாதி. அதன் பிறகுதான் தூக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் வேலை இது. இதை அவர்களுடைய விளக்கக் கூட்டத்திலேயே படம் போட்டுக் காட்டினார்கள். செய்யும்போது முழு வட்டத்தையும் ஒரே வாரத்தில் முடித்தார்கள். அதுவும் மார்ச் மாதத்தில். பெங்களூரில் மார்ச், ஏப்ரல்தான் வெயில் உச்சம். ஜூனில் மழை பிடித்தபின் செய்திருந்தால் மரத்துக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். மேஸ்திரியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதாம்மா? அஸ்திவாரம் தோண்டத் தேதி குறிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தொழில் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு தெரிந்த தொழிலையே செய்யவிடாமல் அடித்த இந்தத் தேதிக்குத்தான் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு.

மூன்றாவது, நட்டபின். மரங்கள் போன இடம் ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரை. குழியெல்லாம் சரியாகவே எடுத்திருந்தார்கள், தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு போட்டிருந்தார்கள், மூன்று பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் டேங்கர் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதிய தகரப் பட்டை தொங்கியது. மே மாத மழையில் கிட்டத்தட்ட எல்லா மரமும் துளிர்த்தது, கம்பமாக நின்ற தூங்குமூஞ்சி உட்பட. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாட்டம். நிறுவனமும் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அவர்களுடைய அடுத்த விளக்கக் கூட்டத்தில் அவை ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று மாதப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். வேர் அறுபட்ட மரம் துளிர்ப்பது அது பிழைத்துவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. அடிமரத்திலும் கிளையிலும் பல வருடமாகச் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அந்த முதல் துளிர் வருகிறது. அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் புது வேர் பிடித்துத் தண்ணீர் எடுக்கத் தொடங்கினால் மரம் வாழும், இல்லையென்றால் அடுத்த கோடையில் மளமளவென்று காயும். அதனால் இரண்டாவது கோடையைத் தாண்டாத எந்த மரத்தையும் பிழைத்த கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் மரங்களுக்கு டேங்கர் நின்றது முதல் மழைக்காலத்தோடு. "மழை வந்துருச்சே, இனி எதுக்கு?" என்று போனில் பதில். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. பில்டரைக் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள், நிறுவனத்தில் ஒருவர் ஒருமுறை அகப்பட்டபோது "எங்க ஒப்பந்தம் பில்டரோட மேடம், உங்களோட இல்லையே" என்றார். அவர் சொன்னது காகிதப்படி சரி. வாடிக்கையாளர் பில்டர், பில்டருக்கு வேண்டியது காலி மனை, அது மரம் லாரியில் ஏறிய அன்றைக்கே கிடைத்துவிட்டது.

இரண்டாவது கோடை முடிந்து போய்ப் பார்த்ததில், இரண்டு அத்தியும் அரசும் நன்றாக இருக்கின்றன. அந்த இனமே அப்படி, ஆல், அரசு, அத்தி எல்லாம் கிளையை ஒடித்து நட்டாலும் வேர் விடக்கூடியவை. நாகலிங்கம் ஒரு பக்கம் உயிரோடு இருக்கிறது. நகத்தால் பட்டையைக் கீறினால் அடியில் பச்சை தெரிகிறது, மறுபக்கம் கீறினால் பழுப்பு. மாமரம் எதுவும் தேறவில்லை. பலா முதல் வருடமே போனது. செண்பகம் துளிர்க்கவே இல்லை. தூங்குமூஞ்சி துளிர்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க இலையோடு நின்று, பிப்ரவரியில் காயத் தொடங்கி, இப்போது பட்டை தானாக உரிந்து விழுகிறது. அதன் தகரப் பட்டையை மட்டும் யாரோ புதிதாக மாட்டியிருக்கிறார்கள்.

இது எங்கள் ஒரு தெருவின் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தில்லியைப் பாருங்கள். 2018-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் என்று தென்தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் பெரிய கட்டடங்கள் கட்ட 14,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப் பார்த்தார்கள். நவுரோஜி நகரில் திட்டமிட்டது முழுக்க வணிக வளாகம். மக்கள் தெருவுக்கு வந்து மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அதற்குப் பின்னால்தான் 2020-இல் தில்லி அரசு மரம் இடமாற்றக் கொள்கை கொண்டுவந்தது: பாதிக்கப்படும் மரங்களில் 80 சதவீதத்தை இடம் மாற்ற வேண்டும், அதில் 80 சதவீதம் ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடு இருக்க வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. 2022-இல் அதே அரசு உயர் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு என்ன தெரியுமா? முந்தைய மூன்று ஆண்டுகளில் இடம் மாற்றிய 16,461 மரங்களில் பிழைத்தது மூன்றில் ஒரு பங்கு. அரசாங்கம் தன் கையால் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த எண் இது. அடுத்த முறை யாராவது 90, 95 சதவீதம் பிழைக்கும் என்று சொன்னால் இந்த எண்ணை எடுத்து முன்னால் வையுங்கள்.

சரி, அப்போது எங்கள் எதிர்ப்பால் ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. அதைத்தான் இந்த மதிப்புரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆணையில் "இருக்கிற இடத்திலேயே" என்று எழுதிய மரங்கள் அத்தனையும் இன்றைக்கும் நிற்கின்றன. முதல் வரைபடத்தில் கார் இறங்கும் சரிவுப்பாதை தெருவோரமாக வந்தது, அங்கேதான் இரண்டாவது தூங்குமூஞ்சியும் சில்வர் ஓக் வரிசையும். கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, சரிவுப்பாதையைப் பின்பக்கம் திருப்பி, அடித்தளத்தைத் தெருவிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளினால் மரமும் நிற்கும், கடையின் பரப்பும் பெரிதாகக் குறையாது என்று ஒரு தாளில் வரைந்து விசாரணையில் கொடுத்தாள். பில்டரின் ஆர்க்கிடெக்ட் முதலில் முடியாது என்றார், அலுவலர் கேட்டபின் முடிந்தது. அதற்கு ஆன செலவு ஒரு வரைபடத்தைத் திருத்திய செலவு. கிரேன் இல்லை, டேங்கர் இல்லை. இப்போது அந்த வளாகத்தில் வாடகைக்கு வந்திருக்கும் காபிக் கடை தன் விளம்பரத்தில் போட்டிருப்பதே அந்த மரத்தடிப் படத்தைத்தான்.

ஆகவே எதிர்ப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் வரைபடம். "வெட்டாதே" என்றால் "வெட்டவில்லை, இடம் மாற்றுகிறோம்" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இந்த மரம் இங்கேயே நிற்கிற மாதிரி ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தீர்களா, காட்டுங்கள்" என்றால் பேச்சு தொடங்கும். 2025-இல் கன்டோன்மென்ட் ரயில்வே காலனியில் தனியாருக்கு வணிகக் கட்டடம் கட்டக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் 368 மரங்களை வெட்ட அறிவிப்பு வந்தபோது, ஊர்க்காரர்கள் ஆட்சேபணைகளாக எழுதிக் குவித்தார்கள். அதோடு நிற்காமல், அந்த இடத்தையே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது அங்கே வாழும் உயிரினங்களுக்காகவே அரசு பாதுகாக்கும் இடமாக, அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். விளையாட்டான கோரிக்கை இல்லை இது. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி அருகே நல்லூர்ப் புளியந்தோப்பு 2007-லேயே அப்படி அறிவிக்கப்பட்டது, மதுரை அரிட்டாபட்டி 2022-இல். ஐதராபாத் காஞ்ச கச்சிபௌலியில் அதே 2025-இல் 400 ஏக்கரை ஐடி நிறுவனங்களுக்காகப் புல்டோசர் விட்டு அழிக்கத் தொடங்கியபோது பல்கலைக்கழக மாணவர்கள் அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள், ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் அதற்குள் பெரும்பரப்பு போய்விட்டிருந்தது. புல்டோசர் இறங்கியபின் நீதிமன்றம் போவதைவிட, வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்பதில்தான் மரம் பிழைக்கிறது.

இன்னொன்று. ஏரிக்கரையில் நன்றாக இருக்கிற அந்த அத்தியும் அரசும்கூட எங்கள் தெருவுக்கு இல்லை. அரசமரத்து நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் இப்போது பதினொரு மணிக்கே கரிப்பெட்டியை அணைத்துவிட்டுப் போகிறார், கரிச்சூடும் வெயில் சூடும் சேர்ந்து நிற்க முடியவில்லை என்கிறார். பூக்கார அக்கா வாளியில் ஈரத்துணி போட்டு மூடி வைத்தும் மல்லி மதியத்துக்குள் வதங்கிவிடுகிறது, விலையைக் குறைத்துக் கொடுக்கிறார். அத்திப் பழம் தின்ன வந்த செம்மார்புக் குக்குறுவானின் டொக் டொக் சத்தம் இல்லை. இந்த நஷ்டத்துக்கு எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது. மரத்துக்கு மரம் ஈடு என்று கணக்குப் போடுகிறவர்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோய் நட்ட மரம் எங்கள் இஸ்திரிக்காரருக்கு எப்படி நிழல் தரும் என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்தச் சேவையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மழைநீர்க் கால்வாய், ஓர் ஆஸ்பத்திரி, வேறு வழியே இல்லாத இடம், ஒரு அடிக்கு உட்பட்ட அடிமரம், ஆல், அரசு, அத்தி, பூவரசு மாதிரி எளிதில் வேர் விடும் இனம், மூன்று மாத அவகாசம், மழைக்காலம், அதே வளாகத்தில் அல்லது அதே தெருவில் புது இடம். இவ்வளவும் பொருந்தினால் தாராளமாகக் கூப்பிடலாம், எங்கள் மேஸ்திரி மாதிரி ஆள் வந்தால் மரம் நிச்சயம் பிழைக்கும். மா, பலா, செண்பகம், புளி, முதிர்ந்த தூங்குமூஞ்சி ஆகியவற்றை நகர்த்துகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அவற்றை வெட்டப்போகும் மரங்களின் பட்டியலில் சேர்த்துத்தான் உங்கள் ஆட்சேபணையை எழுத வேண்டும்.

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டிய நிலை என்றால் ஆணையிலேயே எழுத வைக்க வேண்டியவை சில உண்டு. கூலியில் பாதியையாவது இரண்டாவது கோடை முடிந்து, மரத்தைப் பார்த்து, பட்டையைக் கீறிப் பார்த்தபின்தான் கொடுக்க வேண்டும், இது ஒன்று இருந்திருந்தால் எங்கள் டேங்கர் நின்றிருக்காது. நடும் இடம் எது, அங்கே தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று பெயரோடு எழுத வேண்டும். தாய்மண் எத்தனை அடி என்று ஒவ்வொரு மரத்துக்கும் அளவு போட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும், அப்போதுதான் "உங்களோட ஒப்பந்தம் இல்லையே" என்ற பதில் வராது. பட்டுப்போன மரத்துக்கு ஈடாக வைக்கும் கன்றுகள் அதே தெருவில் வைக்கப்பட வேண்டும், கம்பி வலையோடு, இடுப்பளவு கன்றாக இல்லாமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்ததாக.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு காம்பவுண்டு விற்றாகிவிட்டது. அதே நிறுவனம், அதே படங்கள், போன வாரம் கூட்டம் நடந்தது. டீச்சரம்மா எழுந்து, மூன்று வருடத்துக்கு முன் நட்ட மரங்களின் பட்டியலும் அவை நிற்கும் இடமும் எழுத்தில் வேண்டும், நாங்களே போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார். பத்து நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெருக்காரர்கள் யாரும் இந்த முறை ஆட்சேபணைக் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. பட்டியல் வந்தால் அந்த மரங்களை நேரில் பார்த்துவிட்டு இதே மதிப்புரையில் சேர்க்கிறேன், மதிப்பெண் கூட்ட வேண்டியிருந்தால் கூட்டுகிறேன்.